முதலிடம் பெற்ற படம்

பாதிப் படத்தில் எழுந்து வந்ததைப் பற்றி யோகலட்சுமி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை அரக்கோணம் தியேட்டரிலிருந்து பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்தவள், நேரே சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதோடு சரி. கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மகள் கவிப்பிரியா அதை நம்பவில்லை. தலைவலிக்காகப் படத்தை விட்டு எழுந்து வருகிறவளா அம்மா? காய்ச்சலோடு ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போய்த் தெலுங்குப் படம் பார்த்துவிட்டு வந்து, ஊசி போட்ட நர்ஸுக்கே கதை சொன்னவள் ஆயிற்றே.

இன்று வியாழக்கிழமை. கல்லூரிக்குப் போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்து, அம்மாவின் வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள் கவிப்பிரியா.

'யோகா டாக்கீஸ்' என்று அந்தச் சேனலுக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். வருஷத்தில் பாதி முடிந்ததும் ஒரு தடவை, முழுதும் முடிந்ததும் ஒரு தடவை, தனக்குப் பிடித்த ஐந்து படங்களைப் பற்றி யோகலட்சுமி கேமரா முன்னால் பேசுவாள். அவளுக்குப் பின்னால் அண்டாவும் தவலையும் அடுக்கியிருக்கும். கல்யாணங்களுக்குப் பாத்திரமும் சாமியானாவும் வாடகைக்கு விடுகிற அவள் கணவர் கோதண்டத்தின் வீட்டில் வேறு என்ன இருக்கும்? மலையடிவாரத்துப் பூக்கடைக்காரர்களில் தொடங்கி, அவள் பிறந்த பள்ளிப்பட்டுச் சொந்தக்காரர்கள் வரை அந்த வீடியோவுக்கு ரசிகர்கள் உண்டு.

கவிப்பிரியா மறுபடி ஓட விட்டாள்.

"அஞ்சாவது, மாப்ளே லாரி சர்வீஸ். கதைன்னு ஒண்ணும் கெடையாது. ஆனா மாமனாரும் மாப்ளையும் ஒரே கேபின்ல குந்திகினு, பேசாமயே ஆந்திரா வரைக்கும் போறாங்க பாரு! நான் சிரிச்ச சிரிப்புல முன் சீட்டு ஆளு திரும்பிப் பாத்தாரு. அப்புறம் அவரும் சிரிச்சாரு.

"நாலாவது, ஏழாம் நம்பர் லிஃப்ட். பேய்ப் படம். ஆனா பேய காட்டவே இல்ல. லிஃப்டு கதவு தொறக்கும், உள்ள யாரும் இருக்கமாட்டாங்க, மூடிக்கும். அவ்ளோதான். வந்து நாலு நாளைக்கு எங்க வூட்டு பீரோவ நான் தொறக்கல.

"மூணாவது, நகரில பாத்த தெலுங்குப் படம், பப்பம்மா டிபன் சென்டர். கதாநாயகிக்கு என் வயசு. தோசக்கல்லு சத்தம், தண்ணி தெளிக்கற சத்தம், இதையே பாட்டு மாதிரி போட்டிருக்கான். பாஷ தெரியாதவங்களும் போங்க. பசியோட போவாதீங்க.

"ரெண்டாவது, சாட்சிக்கு மூணு பேரு. கோர்ட்டு கதை. எல்லாரும் பொய் சொல்றாங்க, ஆனா ஒருத்தரும் கெட்டவங்க இல்ல. அத்த எப்படித்தான் எழுதினாங்களோ! இன்டர்வெல்ல எனக்கு டீயே எறங்கல."

இதுவரை அம்மா வழக்கமான அம்மாதான். கை ஆடுகிறது, கண் ஆடுகிறது. அதற்கப்புறம்தான் ஏதோ ஆகிவிடுகிறது. இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொள்கிறாள்.

"முதல் இடம், கை கழுவும் இடம். அதுல ஒருத்தர் அண்டாவுக்குள்ள குந்திகினு அழுவாரு. அதுக்காக."

முடிந்துவிட்டது. நன்றிகூடச் சொல்லவில்லை.

"அம்மா!" என்று படியிலிருந்தே குரல் கொடுத்தாள் கவிப்பிரியா. "அஞ்சாவது படத்துக்கு அவ்ளோ பேசற. மொதல் படத்துக்கு ஒரே வரியா?"

"போதும் போடு" என்றாள் யோகலட்சுமி உள்ளிருந்து.

"இந்தப் படத்துலதானே பாதில எழுந்து வந்த? கடைசி எழுத்து ஓடற வரைக்கும் பாக்காத படத்தப் பத்திப் பேசமாட்டேன்னு சொல்வியே. இப்ப பாதிப் படத்துக்கு மொதல் இடமா?"

உள்ளே மிக்ஸி ஓடத் தொடங்கியது. அதில் ஒன்றும் இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

கவிப்பிரியா வீடியோவை ஏற்றினாள்.

கடையில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த வேணுதான் அதை முதலில் பார்த்தவர். ரொம்ப வருஷமாகக் கோதண்டத்திடம் வேலை பார்ப்பவர், யோகா டாக்கீஸின் முதல் ரசிகர். மறுநாள் கனகம்மாசத்திரத்தில் ஒரு முகூர்த்தம். குட்டி யானை வண்டியில் பாதி லோடு ஏறியிருந்தது. வேணு டீ குடித்துக்கொண்டே போனைச் சத்தமாக வைக்க, வண்டிக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்த கோதண்டத்தின் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் வீட்டு வாசலில் அவருடைய பைக் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே உள்ளே வந்தார்.

"யோகா."

யோகலட்சுமி அடுப்பை அணைத்தாள். என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒருத்தன் அண்டாவுக்குள்ள அழுவறான்னு சொன்னியே. எந்த ஊரு ஆளு அது?"

"ஊரு பேரு சொல்லல பாவா. பின்னால மலை தெரியுது. வாடகைப் பாத்திரக் கடை வச்சிருக்காரு." பள்ளிப்பட்டில் அத்தை மகனைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அவளுக்கு அது மாறவில்லை.

கோதண்டம் சுவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நீ பாத்தியா அன்னிக்கு?"

"ஆங்." அவள் குரல் இறங்கியது. "சாப்புடக் கூப்ட குடோனுக்கு வந்தேன். பெரிய அண்டா படுத்துகினு இருந்துச்சு. உங்க காலு ரெண்டும் வெளிய தெரிஞ்சுது. உள்ள இருந்து சத்தம் வந்துகினு இருந்துச்சு. வந்த மாதிரியே திரும்பிட்டேன்."

"இத்தினி வருஷமா சொல்லலியே?"

"இன்னான்னு சொல்றது?"

"என்னாண்ட சொல்லல, சரி. வேற யாராண்ட சொன்ன?" இப்போது அவர் குரல் உயர்ந்தது. "நீ வாயத் தொறக்காம அது சினிமாவுக்கு எப்படிப் போச்சு?"

"நானா? சாமி சத்தியமா யாருகிட்டயும் சொல்லல! நீங்கதான் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சு, அஞ்சு நாளா நான் வெந்துகினு கீறேன். எனக்குத் தெரியாம உங்க தம்பிகிட்ட போன்ல பேசிகினு கீறீங்களோன்னு!"

அந்த வீட்டில் தம்பி என்ற சொல் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கோதண்டத்தின் தம்பி தணிகைமணி. அண்ணனோடு சேர்ந்து கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சினிமாவில் சேர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது எல்லாருக்கும் தெரியும்; அண்ணனுக்கும் தெரியும். ஒரு பெரிய முகூர்த்தத்தன்று, நானூறு இலை போடவேண்டிய மண்டபத்தில் சாமானை இறக்காமல், யாரோ உதவி இயக்குநர் கூப்பிட்டார் என்று சென்னைக்குப் போய்விட்டார் தணிகைமணி. மறுநாள் திரும்பி வந்தவரை, கடை வாசலில் ஊரே பார்க்க, "உன்ன இத்தோட கை கழுவிட்டேன். போ!" என்றார் கோதண்டம். தம்பி பையை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அவரை அந்த வீட்டில் யாரும் பார்க்கவே இல்லை. ஐதராபாத்தில் இருக்கிறார் என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள். கோதண்டம் அந்தப் பேச்சைக் கேட்காதவர் போல எழுந்து போய்விட்டார்.

இவ்வளவும் நடந்தபோது கவிப்பிரியா சின்னப் பெண். தோளில் தூக்கிக்கொண்டு மலைப்படி ஏறிய ஒரு சித்தப்பா மட்டும்தான் அவளுக்கு நினைவு. இப்போது கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நைனா, சித்தப்பா சினிமாலயா கீறாரு?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் அவளே போனில் அந்தப் படத்தின் போஸ்டரைத் தேடி எடுத்தாள். பந்தியில் ஒரு வாழையிலை, பின்னால் 'கை கழுவும் இடம்' என்று அம்புக்குறி போட்ட பலகை. கீழே பொடி எழுத்து.

"எழுத்து, இயக்கம் ஆறுமுகம்" என்று படித்தாள். "சித்தப்பா பேரு இல்லியே."

கோதண்டம் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க நைனா பேரு" என்றார்.

"முருகன் ஊர்ல ஆறுமுகத்துக்கா பஞ்சம்? வேற யாராச்சும் இருக்கும்" என்றாள் கவிப்பிரியா. ஆனால் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"அவனா இருந்தாலும் அவனுக்கு எப்படித் தெரியும்?" கோதண்டம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "அவன் போனப்புறம்தானே நான் குடோனுக்கு வந்தேன்? அவன் ஊர்லயே இல்லியே."

அதுதான் யோகலட்சுமிக்கும் புரியாதது. சனிக்கிழமை அந்தக் காட்சி வந்ததும் திரையில் அடுத்து என்ன வந்தது என்றே தெரியாமல் எழுந்து வந்துவிட்டாள். மீதிப் படத்தில் பதில் இருக்குமோ என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. திரும்பப் போகத் தைரியம் வரவில்லை.

"நாளைக்குப் புதுப் படம் வந்துடும். இத்த எடுத்துடுவாங்க" என்றாள் கவிப்பிரியா. "இன்னிக்கு மேட்னி ஒண்ணுதான் கீது."

"எனக்கு லோடு கீது" என்றார் கோதண்டம்.

வாசல் வரைக்கும் போனார். பைக்கை அணைத்தார். அங்கேயே நின்றார்.

"அரக்கோணம் போய்ட்டு அப்படியே சத்திரத்துக்கு வுட்டுடலாம். கொஞ்சம் சுத்து" என்றார், யாரையும் பார்க்காமல்.

குட்டி யானையின் முன்பக்கத்தில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். பின்னால் அண்டாக்களும் ஜல்லிக் கரண்டிகளும் பள்ளத்துக்குப் பள்ளம் மோதிக்கொண்டு வந்தன. வழியில் கோதண்டம் ஒரே ஒருமுறை மட்டும், "அந்த ஆளு பாக்க எப்படிக் கீறான்? என் வேஷம் போட்டவன்?" என்று கேட்டார்.

"உங்கள விட கொஞ்சம் உயரம்" என்றாள் யோகலட்சுமி.

"ம்" என்றார்.

தியேட்டர் வாட்ச்மேன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னாங்க, உள்ள பந்தி போடப் போறீங்களா? இந்தப் படத்துக்கு வர்ற கூட்டத்துக்கு இவ்ளோ பெரிய அண்டா வேணாம்."

அவர் சொன்னது சரிதான். உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. கோதண்டம் தியேட்டருக்குள் கால் வைத்தே பல வருஷம் ஆகியிருந்தது. குஷன் சீட்டின் நுனியில், டாக்டரைப் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்தார்.

படம் ஓடியது. மலைக்குக் கீழே ஒரு பாத்திரக் கடை. ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் ஒவ்வொரு கரண்டியாக எண்ணி வாங்குவதையும், தம்பி எண்ணும்போதெல்லாம் ஏதோ யோசனையில் விட்டுவிடுவதையும் பார்த்துப் பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். கோதண்டத்தின் உதட்டோரமும் லேசாக அசைந்ததைக் கவிப்பிரியா கவனித்தாள்.

கடை வாசலில் அந்தச் சண்டை வந்தது. "உன்ன இத்தோட கை கழுவிட்டேன்" என்று திரையில் அந்த உயரமான ஆள் சொன்னபோது கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு குடோன். படுக்க வைத்த அண்டா. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். பையன்கள் முதலில் சிரித்தார்கள். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. பித்தளைக்குள் மோதி மோதிப் பெரிதாகி, மனிதக் குரல் என்றே தெரியாத சத்தம். சிரிப்பு நின்றுபோனது.

யோகலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, இந்த முறை எழுந்துவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கேமரா மெதுவாகப் பின்னால் வந்தது. அண்டா சின்னதாகிக்கொண்டே போனது. குடோன் கதவு தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு முதுகு. தோளில் பை.

தம்பி.

அவன் ஒரு கால் உள்ளே வைக்கிறான். நிற்கிறான். அண்ணன் அழுவதைத் தான் பார்த்துவிட்டோம் என்று தெரிந்தால் அண்ணன் என்ன ஆவார் என்று யோசிக்கிறான். அது வசனமே இல்லாமல் அவன் முகத்தில் தெரிந்தது. வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறான்.

"வந்திருக்கான்" என்றார் கோதண்டம். முன்சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "திரும்பி வந்திருக்கான் யோகா. வாசல் வரைக்கும் வந்திருக்கான்."

திரையில் தம்பி மெயின் ரோட்டில் நின்று கை காட்டி ஒரு பஸ்ஸில் ஏறினான்.

"பஸ்ஸா?" கோதண்டம் எழுந்தே விட்டார். "பஸ்லயா போனான்?"

"நைனா, உக்காருங்க" என்று கவிப்பிரியா இழுத்தாள்.

படத்தின் கடைசியில் அந்த அண்ணன் வேறொரு கல்யாணத்தில் நிற்கிறார். எங்கோ நாதஸ்வரம் கேட்கிறது. அம்புக்குறி போட்ட பலகைக்குக் கீழே போய்க் கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு பந்தியைப் பார்க்கப் போய்விடுகிறார். தம்பியைத் தேடவே இல்லை. அவ்வளவுதான் படம். கடைசி எழுத்து ஓடி முடிந்து விளக்குப் போடும் வரை யோகலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வெயிலில் வந்து நின்றதும் கோதண்டம் சொன்னார்:

"தப்பா எடுத்துட்டான்."

"இன்னா பாவா?"

"முடிவு. அப்படி நடக்கல. நான் அன்னிக்கு தேடிகினு போனேன். அண்டால இருந்து எழுந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போனேன். மெட்ராஸ் வண்டி நின்னுகினு இருந்துச்சு. ஒவ்வொரு பொட்டியா ஏறி எறங்கினேன். வண்டி நகந்தப்புறமும் ஜன்னல் ஜன்னலா பாத்துகினு ஓடினேன். அவன் பஸ்ல போயிருக்கான். எனக்குத் தெரியல." அவருக்குக் குரல் உடைந்தது. "நான் வரவே இல்லன்னு நெனச்சுகினு கீறான் இத்தினி வருஷமா."

யோகலட்சுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தியேட்டர் வாசலில், பட்டப்பகலில், அவர் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நீ பாத்துட்டுத் திரும்பிப் போயிட்ட. அவனும் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்" என்றார். "யாராச்சும் ஒருத்தர் உள்ள வந்திருக்கலாம் இல்ல?"

யோகலட்சுமி பிடித்த கையை இன்னும் இறுக்கினாள்.

வண்டியில் ஏறப் போனவர் நின்றார். "கவி, உங்கம்மா பேசறத எடுப்பியே, அத்த மாதிரி என்ன எடு."

"நைனா, நீங்களா?"

"எடும்மா."

அண்டாக்கள் நிறைந்த வண்டிக்கு முன்னால் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார் கோதண்டம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தார்.

"நான் கோதண்டம். திருத்தணி. இந்த வருஷத்துல நான் பாத்தது ஒரே படம். கை கழுவும் இடம். நல்லா கீது." காலரை மறுபடி இழுத்துவிட்டார். "ஆனா அதுல ஒரு சீனு வுட்டுப்போச்சு. அண்ணன் ஸ்டேஷனுக்குப் போவான். வண்டி பூரா தேடுவான். இத்த எடுத்தவருக்கு அது தெரியாது. யாராச்சும் அவராண்ட சொல்லுங்க." அப்புறம் நேராகப் பார்த்தார். "தணிகா, நான் வந்தேன்டா."

கவிப்பிரியாவின் கை ஆடியதால் கடைசியில் படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. அவள் அதை வெட்டாமல் அப்படியே ஏற்றினாள். இணையத்தில் அந்தப் படத்துக்கு இருந்த பக்கத்துக்கும் அனுப்பிவைத்தாள்.

கனகம்மாசத்திரம் மண்டபத்தில் சாமான் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சமையல்காரர்கள் அடுப்பு மூட்டத் தொடங்கியிருந்தார்கள். கோதண்டம் வழக்கம்போலக் கரண்டிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் நடுநடுவே எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் கண் மகளின் போன் பக்கம் போய் வந்தது.

"வந்திருக்கும்மா" என்று கவிப்பிரியா ஓடி வந்தாள். "படத்தோட பக்கத்துல இருந்து மெசேஜ்!"

யோகலட்சுமி போனை வாங்கினாள். கோதண்டம் கரண்டிக் கட்டோடு அங்கிருந்தே, "படி, சத்தமா படி" என்றார்.

அவள் படித்தாள்.

"என் பெயர் கனிமொழி. தணிகைமணியின் மனைவி. வீடியோவை இப்போதுதான் பார்த்தேன். நாளைக் காலை ரயிலில் நானும் மகளும் திருத்தணி வருகிறோம்."

"மகளா?" கோதண்டத்தின் கையிலிருந்த கட்டு அவிழ்ந்து கரண்டிகள் சிமென்ட் தரையில் சிதறின. அவர் குனியவே இல்லை. "அவனுக்குப் பொண்ணு கீதா? பேரு இன்னாவாம்? கேளு, பேரு கேளு. ஏய் யாருப்பா, பாலுக்குச் சொல்லி வைங்க, நாளைக்கு எங்க வூட்டுக்கு ஆளு வராங்க!" யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சமையல்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கவிப்பிரியா பார்த்ததே இல்லை.

பிறகு ஒரு கணம் நின்றார். "அவன்? அவன் வரலியா?"

"எழுதல பாவா" என்றாள் யோகலட்சுமி. "வருவாரா இருக்கும்."

சொல்லிக்கொண்டே போனைத் திருப்பி மார்போடு வைத்துக்கொண்டாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்ற கவிப்பிரியா, அவள் படிக்காமல் விட்ட கடைசி இரண்டு வரிகளையும் அதற்குள் படித்துவிட்டிருந்தாள்.

"அவரால் இனி வர முடியாது அக்கா. ஏன் என்று நான் நேரில் சொல்லும் வரை, அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."